கூலி வீட்டுக் கடதாசி யார் கையில்?

 

இதனை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். நீங்கள் கூலி வீட்டில் குடியிருப்பவரானால், எழுந்து சென்று அந்த வீட்டின் ஒப்பந்தக் கடதாசி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அலுமாரியில் இருக்கிறதா? கணவரின் கடையில் இருக்கிறதா? அல்லது அப்படி ஒரு கடதாசியே இல்லையா? முற்பணமாக எவ்வளவு கொடுக்கப்பட்டது, அது எப்போது திரும்பி வரும் என்று உங்களுக்குத் தெரியுமா?

நான் இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்கிசையில் நடந்த ஒரு சம்பவம். பெயர்களைச் சொல்ல மாட்டேன்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் நாங்கள் குடியிருக்கிறோம். ஐம்பது யார் உள்ளே வந்தால் பஸ் இரைச்சல் அடங்கிவிடும். பிறகு காதில் விழுவது காகமும், ரயிலும், மழைக்காலத்தில் கடலும்தான். கல்கிசை என்றால் வெளியூர் மக்களுக்கு அந்தப் பெரிய ஹோட்டல்தான் ஞாபகம் வரும். அதுகூட ஒரு காலத்தில் கொழும்பின் இரைச்சலை விட்டு ஒதுங்கி இருக்க ஆங்கிலேய ஆளுநர் மெயிட்லண்ட் கட்டிக்கொண்ட வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். அமைதியைத் தேடி இந்தப் பக்கம் வருவது இருநூறு வருடப் பழக்கம். நாங்களும் அப்படித்தான் வந்தோம். எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரு மேல்மாடிப் பகுதிக்கு அந்தச் சகோதரியின் குடும்பமும் அப்படியே வந்தது. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் வயதான உம்மா.

ஒரு நாள் சுபஹ் தொழுகைக்கு எழுந்த அந்த மனிதர் வுழூச் செய்யும் இடத்திலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மௌத்து. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்கு நாற்பத்தோரு வயது.

சகோதரி இத்தாவில் அமர்ந்தார். ஏறக்குறைய நாற்பது நாள் சென்றிருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். அவரும் நம்மவர்தான், ஜும்ஆவில் என் பக்கத்தில் நிற்பவர். வெளிநாட்டிலிருந்து மகள் வருகிறாள், வீடு வேண்டும் என்றார். முற்பணம் எட்டு மாதக் கூலிதான் கையில் இருக்கிறது, அதைத் தந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். சகோதரிக்கோ, கணவர் ஒரு வருட முற்பணம் கொடுத்ததாக ஞாபகம். “பன்னிரண்டு மாசம் கொடுத்தேன்” என்று வீட்டுக்கு வந்த முதல் நாள் கணவர் சொன்னதாகத் திரைக்குப் பின்னாலிருந்து அழுதுகொண்டே சொன்னார். கடதாசி? தேடினார்கள். கடையிலும் தேடினார்கள். கிடைக்கவில்லை. பணம் காசாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அப்போது கூட இருந்த புரோக்கரின் தொலைபேசி எடுபடவில்லை.

மத்தியஸ்தம் பேச என்னையும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையும் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போய் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம்தான் இருந்தது. ஓர் ஏழை விதவையின் பணத்தை விழுங்கப் பார்க்கிறாரே என்று. ஆனால் சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டபின் கோபம் குழப்பமாக மாறியது. “ஹஸ்ரத், பன்னிரண்டு மாசம் தந்தது உண்மை. ரெண்டாம் வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம், கேட் மாத்தினோம். அந்தச் செலவுக்கு நாலு மாசத்தக் கழிச்சிக்கோங்கன்னு அவரே சொன்னார். அல்லாஹ் மேல சத்தியமா சொல்றேன்” என்றார். பொய் சொல்கிற முகமாக எனக்குத் தெரியவில்லை. அந்த நாலு மாதக் கணக்கு மனைவிக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் கப்றில் இருக்கிறார்.

வழக்கில் ஒன்றைக் கோருபவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும். மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். ஷரீஅத்தின் இந்த விதியை நான் மாணவர்களுக்கு வருடா வருடம் கற்பிக்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! அந்தக் கூடத்தில், திரைக்குப் பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்போது, அது எவ்வளவு பாரமானது என்று அன்றுதான் விளங்கியது. நான்கு மாதம் கழிக்கப்பட்டது என்று கோருவது சொந்தக்காரர். அவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஒரு பற்றுச்சீட்டு எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மூன்று இரவுகள் பேசினோம்.

1840ஆம் ஆண்டின் சட்டம்

கடன் கொடுக்கல் வாங்கலை, அதன் தவணையை எழுதி வைக்கும்படியும் சாட்சிகளை ஏற்படுத்தும்படியும் கட்டளையிடும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. சூரா பகராவின் 282ஆவது வசனம். சிறிய தொகையோ பெரிய தொகையோ, எழுதச் சலிக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. நாமோ சலிக்கிறோம். “நம்மட ஆள்தானே, கடதாசி என்னத்துக்கு?” என்கிறோம்.

நாட்டின் சட்டமும் இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வீட்டைக் குத்தகைக்குக் கொடுப்பதானால், அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குத்தகைக்குச் சட்டத்தில் வலுவில்லை. ஆக, நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வருடம் என்று எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாதத்துக்கு மாதம் இருக்கும் குடியிருப்பாளர்தான். பணம் கொடுத்ததற்கு அந்தத் தாள் சாட்சியாக உதவலாம். இரண்டு வருடம் இருக்கும் உரிமையை அது தராது. நொத்தாரிசு எழுதியதைக் காணிப் பதிவகத்திலும் பதிந்துகொண்டால், நடுவில் வீடு இன்னொருவருக்கு விற்கப்பட்டாலும் உங்களுக்கு ஒரு பிடி இருக்கும்.

நொத்தாரிசுக் கூலி அதிகம் என்று பின்வாங்குகிறோம். ஒரு வருட முற்பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் கை நடுங்குவதில்லை.

முற்பணம் ஏன் இவ்வளவு பெருத்தது?

கொழும்பிலும் தெஹிவளை, கல்கிசைப் பக்கத்திலும் ஆறு மாதம், ஒரு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல் முற்பணம் கேட்கிறார்கள். இது பேராசை மட்டும்தானா? கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் வேறு கதையும் உண்டு.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், வீட்டுக் கூலியைக் கட்டுப்படுத்த முதல் சட்டம் வந்தது. 1948இல் இன்னொன்று. 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. அது குடியிருப்போரைப் பலமாகப் பாதுகாத்தது. அதற்குட்பட்ட வீட்டில், கூலியை ஒழுங்காகக் கொடுத்து வருபவரை இலேசில் எழுப்ப முடியாது. வீட்டுக்காரர் கூலியை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டிவிட்டு இருக்கலாம். அடுத்த வருடமே, 1973இல், வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பீட்டர் கெனமன். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் மேலதிக வீடுகளை, அதில் குடியிருந்தவர்களே வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. எத்தனையோ கூலிக் குடும்பங்கள் அப்படித்தான் சொந்த வீட்டுக்காரர் ஆயின.

மறு பக்கம் என்ன நடந்தது? வீடு வைத்திருப்போர் பயந்தார்கள். கூலிக்குக் கொடுத்தால் போகவே மாட்டார்கள் என்ற பயம் ஊரில் ஊறியது. பின்னர் வந்த திருத்தங்கள் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றை 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே விட்டன. சட்டம் தளர்ந்தும் பயம் போகவில்லை. பெருத்த முற்பணம் அந்தப் பயத்துக்குக் கேட்கப்படும் பிணையாகிவிட்டது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு மூதாட்டி இருந்தார். கணவர் விட்டுப்போன ஒரே வீட்டின் கீழ்ப்பகுதியைக் கூலிக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் மருந்து வாங்கியவர். குடியிருந்தவர் கூலியை நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் வழக்காடினார். நல்ல வேலையில் இருந்தவர். ஐந்து நேரமும் தொழுபவர். கூலிக்கு இருப்பவர் எப்போதும் மழ்லூம், வீட்டுக்காரர் எப்போதும் ழாலிம் என்று எண்ண வேண்டாம். சொந்தக்காரரின் வீடும் நம் கையில் ஓர் அமானத்துத்தான்.

அந்த முற்பணம் மார்க்கத்தில் எதைச் சேர்ந்தது? பலரும் அதை அமானத்து என்பார்கள். அமானத்தாக இருந்தால் அதை அப்படியே தொடாமல் வைத்திருக்க வேண்டும். எந்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார்? வாங்கிய அன்றே மகளின் கலியாணத்துக்கோ கடைச் சரக்குக்கோ செலவாகிவிடும். செலவழிக்க அனுமதித்துக் கொடுக்கப்பட்ட பணம் கடனாகிறது, அரபியில் கர்ழ். எனவே நீங்கள் வீட்டில் குடியிருப்பவர் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவரும் கூட. “அடுத்த ஆள் வந்து முற்பணம் தந்தா உங்கட காசைத் தாறேன்” என்று சொல்லும் வீட்டுக்காரர், தன் கடனை யாரோ ஒருவரின் கடனால் அடைக்கிறேன் என்கிறார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முற்பணத்தைக் கூட்டித் தந்தால் மாதக் கூலியைக் குறைப்பேன் என்று பேரம் நடக்கிறது. அதன் உச்சம், மொத்தமாகப் பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கூலியே இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையை முழுதாக வாங்கிக்கொள்வது. சிங்களத்தில் உகஸ் என்கிறார்கள். நம்மவர் ஈடு என்கிறோம். யாழ்ப்பாணத்தில் இதையொத்த ஒற்றி முறை 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலேயே இருக்கிறது. வட்டிக்குப் பதிலாக நிலத்தின் பலனை அனுபவிப்பது. கடன் கொடுத்த காரணத்தால் கிடைக்கும் இலாபம் ரிபாவின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்று உலமாக்கள் எச்சரிப்பது இதனால்தான். வங்கி வட்டியைத் தீண்டாமல் வாழும் குடும்பங்கள், கூலியில்லா வீடு என்று சந்தோஷமாக இதற்குள் போய்விடுகின்றன. உங்கள் வீடு இந்த வகையாக இருந்தால், ஒரு நியாயமான மாதக் கூலியை நிர்ணயித்துக்கொள்வது பற்றி ஓர் ஆலிமிடம் கேளுங்கள்.

இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து ஒரு கேள்வி

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறார். வேலை ஒரு சிறு பட்டணத்தில். வீடு அதற்கும் அப்பால் ஒரு கிராமத்தில். கூலி குறைவு என்று அங்கே எடுத்திருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் அவருடைய மனைவி எனக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். “ஹஸ்ரத், இங்க ஒரே அமைதி. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிடும். செம்மறியாடு கத்துறது மட்டும்தான் கேக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் இல்ல. ஹலால் இறைச்சிக்கு மாசத்துல ஒரு தடவ பட்டணம் போய் வாங்கிப் பெட்டியில வெக்கிறோம். ஒரு மஸ்அலா கேக்கணும். வீட்டு முன்னால ஸ்னோ கொட்டிக் கிடக்கு. அத அள்ளுறது எங்கட பொறுப்பா, வீட்டுக்காரர்ட பொறுப்பா?”

நான் சிரித்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். நம் அரபுக் கல்லூரிகளில் ஷாபிஈ மத்ஹபின் மின்ஹாஜ் என்ற நூலை ஓதுகிறோம். எழுதியவர் இமாம் நவவி. சிரியாவின் நவா என்ற ஊரைச் சேர்ந்தவர், ஹிஜ்ரி 676இல் மறைந்தவர். அதில் இஜாரா என்னும் கூலிப் பாடத்தில், வீட்டின் திறப்பைக் குடியிருப்பவரிடம் ஒப்படைப்பது வீட்டுக்காரர் கடமை, பழுது பார்ப்பது அவர் பொறுப்பு என்றெல்லாம் வரும். தொடர்ந்து, கூரை மேல் விழுந்த பனியை அகற்றுவது வீட்டுக்காரரைச் சேர்ந்தது, முற்றத்துப் பனியும் குப்பையும் குடியிருப்பவரைச் சேர்ந்தது என்று வரும். நாங்கள் ஓதிய காலத்தில், வியர்வை வழிய உட்கார்ந்து இந்த இடத்தை வாசித்தபோது வகுப்பே சிரித்தது. “இலங்கைக்கு இது எதற்கு உஸ்தாத்?” என்று ஒருவர் கேட்டார். உஸ்தாத் புன்னகைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எழுநூற்று ஐம்பது வருடத்துக்கு முந்திய பதிலை நான் அந்தச் சகோதரிக்கு அப்படியே அனுப்பி வைத்தேன்.

அவர் சொன்ன வேறு சில விஷயங்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. வீடு எடுத்த அன்று நீண்ட பட்டியல் ஒன்று கொடுத்தார்களாம். எந்தச் சுவரில் என்ன கீறல், எந்தக் கம்பளத்தில் என்ன கறை, மீற்றரில் என்ன எண் என்று படத்தோடு. இரு தரப்பும் கையெழுத்து. முற்பணமோ ஐந்து கிழமைக் கூலி மட்டும். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் வந்த சட்டப்படி, சாதாரண வீடுகளுக்கு அதற்கு மேல் வாங்க முடியாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் பையில் சும்மா கிடக்க முடியாது. 2007 ஏப்ரல் முதல் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் முற்பணத்தின் மூன்று மடங்கு வரை நட்டஈடு கொடுக்க நேரும். காரணம் சொல்லாமல் குடியிருப்பவரை எழுப்பும் வழியையும் மூடுவதற்கு 2025 ஒக்டோபரில் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது.

அங்கே எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். குடிவரவு உரிமையைக் காட்டாமல் இங்கிலாந்தில் வீடு எடுக்க முடியாது. 2016 முதல் வீட்டுக்காரரே அதைப் பார்க்கக் கடமைப்பட்டவர். முதலில் அந்தச் சகோதரி, நாங்கள் முஸ்லிம்கள் என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லையாம். வெள்ளைக்காரரிடமும் கடவுச்சீட்டுக் கேட்பார்கள் என்று பிறகு தெரிந்ததாம். ஜூன் மாதத்தில் இஷாவின் நேரம் இரவு பதினொரு மணிக்கும் பின்னால் போய்விடுகிறது. அந்த நேரத்தில், ஊசி விழுந்தாலும் கேட்கும் கிராமத்தில், குழாயைத் திறந்து வுழூச் செய்யவே கூச்சமாக இருக்கிறது என்றார்.

கதிரை இழுக்கும் சத்தம்

குழாய்ச் சத்தத்துக்கு அவர் கூசியதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நாங்கள் குடியிருப்பது மேல்மாடியில். கீழே ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரும் அவருடைய கணவரும். நோன்பு காலத்தில் சஹர் நேரம் எங்கள் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? மூன்று மணிக்குக் குசினி விளக்கு எரியும். குக்கர் விசில். தேங்காய்க்கு மிக்சி. பிள்ளைகளை எழுப்ப நான் போடும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து கதிரைகளைத் தரையோட்டின் மேல் கரகரவென்று இழுப்பது. நான்கு நோன்பு காலம் இப்படிப் போனது. பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டு போன என் மனைவி, தற்செயலாக, “டீச்சர், நோன்பில எங்கட சத்தம் கரைச்சலா?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு, சமையல் சத்தம் பரவாயில்லை, கதிரை இழுக்கும்போதுதான் ஐயாவுக்கு நெஞ்சு படபடக்கும், பிறகு விடியும் வரை தூக்கம் வராது என்றாராம். நான்கு வருடம்! ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவுக்கு வந்த புதிதில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தார்கள். மேலே வீட்டுக்காரரும் அவருடைய மனைவி உம்மு அய்யூபும். ஒரு நாள் மேல்தளத்தில் தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. கீழே சொட்டி நபியவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பதறி, போர்த்திக்கொள்ள இருந்த ஒரே போர்வையால் இருவரும் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். இந்த வரலாற்றை நான் எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். என் வீட்டுக் கதிரைக் கால்களுக்கு இருபது துண்டு கம்பளித் துணி ஒட்ட எனக்கு நான்கு வருடம் சென்றிருக்கிறது.

வீடு கொடுக்க மறுத்த காலங்கள்

நம் நாட்டில் கூலி வீட்டின் கதை கூலியோடு மட்டும் நிற்பதில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தமிழ்க் குடும்பங்கள் எரிந்த வீடுகளை விட்டு ஓடின. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டனர். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்க, சிலர் கொழும்புக்கு வந்து கூலி வீடு தேடினர். அப்படிச் சோனகத் தெருவிலிருந்து வந்த ஒரு பெரியம்மா சொல்வார்: “கல்வீட்டு மகாராணியா இருந்தனாங்கள் தம்பி. இஞ்ச வந்து வருசா வருசம் ‘எப்ப எழும்புவீங்கள்’ எண்ட கேள்விக்குப் பதில் சொல்லியே முப்பது வருசம் போயிட்டுது.”

2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் நம் முறை வந்தது. பெயரைக் கேட்டதும் “வீடு போயிட்டுது” என்று தொலைபேசியை வைத்தவர்கள் உண்டு. என் மனைவியின் தங்கைக்கு அப்படி மூன்று வீடு போனது. நான்காவது வீட்டைக் கொடுத்தவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: “தண்ணி டாங்க் நிரம்பினா மோட்டர நிப்பாட்டுவீங்களா?”

நாமும் குறைந்தவர்களல்ல. நம் வீடுகளை “முஸ்லிம்களுக்கு மட்டும்” என்று விளம்பரப்படுத்துவதை எங்கள் ஒழுங்கையிலேயே பார்க்கிறேன். இறைச்சி, மது என்று அதற்குக் காரணம் சொல்கிறோம். மற்றவர்களிடமும் இப்படி ஒரு காரணப் பட்டியல் இருக்கிறது.

இத்தாவும் ஒப்பந்தமும்

அந்த மேல்மாடிச் சகோதரியிடம் திரும்புவோம். சொந்தக்காரருக்கு நான் எடுத்துச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, கணவன் இறந்தால் கூலி ஒப்பந்தம் முறிந்துவிடாது என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் நிலை. ஹனபி மத்ஹபில் முறியும். நம் ஊர்வழக்கு ஷாபிஈ. பேசிய தவணை மீதி இருக்கும்வரை வாரிசுகள் இருக்கலாம். இரண்டு, இத்தாவின் நான்கு மாதமும் பத்து நாளும் அவள் இருக்க வேண்டிய இடம் கணவனோடு வாழ்ந்த வீடு. நாட்டின் வாடகைச் சட்டத்திலும், அதற்குட்பட்ட வீடுகளில், இறந்தவரோடு வாழ்ந்த மனைவி குடியிருப்பைத் தொடர ஏற்பாடு இருக்கிறது.

அவர் மறுக்கவில்லை. அவருக்கு இது தெரியாதாம். இத்தா முடியும்வரை இருக்கட்டும், மாதக் கூலி தரட்டும் என்றார். முற்பணத்தில் இருவரும் ஆளுக்கு இரண்டு மாதம் விட்டுக்கொடுத்துப் பத்து மாதம் என்று முடிவாயிற்று. இரண்டு தவணையில் தந்தார். இந்த முறை எழுதினோம். நான் ஒரு சாட்சி. சகோதரி இப்போது வாப்பாவின் ஊரான பேருவளையில் இருக்கிறார். இரண்டு மாதக் கூலி என்பது பெரிய பணக்காரருக்குச் சில்லறை. அவருக்கு அது மூத்தவனின் ஒரு வருட டியூஷன்.

இன்னும் அவர் மனதில் ஒரு முள் இருக்கிறது. பணத்தைப் பற்றியதல்ல. “அவர் ஏன் எனக்குச் சொல்லல்ல ஹஸ்ரத்?” என்று தொலைபேசியில் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது! பெண்களுக்கு ஏன் இந்தத் தலைவலி என்று மறைத்திருப்பார். நாம் ஆண்கள் பலரும் அப்படித்தான்.

எனவே, சகோதரிகளே, அடுத்த முறை வீடு எடுக்கும்போது திரைக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்காமல் நீங்களும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கணவர் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும். முற்பணத் தொகை எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும். அது திருப்பித் தரப்பட வேண்டியது என்றும், திறப்பைக் கொடுத்து எத்தனை நாளில் தர வேண்டும் என்றும் இருக்கட்டும். காசாகக் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்பினால் வங்கியே சாட்சி. குடிபோகும் அன்று சாமான் இறக்கும் முன் கைத்தொலைபேசியில் சுவர், யன்னல், குளியலறை, மின்சார மீற்றர், தண்ணீர் மீற்றர் எல்லாவற்றையும் படம் எடுத்து, அப்போதே வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பாவிக்கப் பாவிக்கத் தேய்வது குடியிருப்பவர் தலையில் விழாது. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கெடுத்ததற்குத்தான் பொறுப்பு. கூரை ஒழுகினால் திருத்தித் தருவது அவர் வேலை. தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற உங்களுக்கு உரிமை உண்டு. நடுவில் பெயின்ட், கேட் என்று எதைக் கழித்தாலும் அன்றே ஒரு துண்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பிள்ளையை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் பெயர் பதிவதையும் தள்ளிப்போட வேண்டாம். ஐந்து வருடப் பதிவைப் பார்ப்பார்கள்.

மத்தியஸ்தம் முடிந்து மூன்றாம் இரவு வீட்டுக்கு வந்தேன். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சோறு போட்டார். நான் கை கழுவி வந்தபோது மேசை மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் கோப்பு இருந்தது. “நம்மட வீட்டுக் கடதாசி இதுல இல்லியே” என்றார். தேடினோம். கிதாபு அலுமாரியில், ஒரு பழைய அகராதிக்குள் மடித்துக் கிடந்தது. நொத்தாரிசும் இல்லை, சாட்சியும் இல்லை. என் கையெழுத்தும் வீட்டுக்காரர் கையெழுத்தும் மட்டும். தவணை முடிந்து இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது.